மொராக்கோவின் நூர்: உப்பில் தேக்கிய வெயிலுக்கு அத்தனை செலவு தேவையா?

செந்தில்வேல்:
மொராக்கோ தனக்கு வேண்டிய எரிசக்தியில் ஏறக்குறைய 90 சதவீதத்தை இறக்குமதி செய்கிற நாடு. சொந்தமாகப் பெரிய எண்ணெய் வளம் இல்லை, வெயில்தான் இருக்கிறது. வர்ஸாஸாத் நகரின் அருகே உள்ள நூர் சூரிய மின் வளாகத்தில் 2016 பிப்ரவரியில் திறந்த முதல் நிலையம் நூர் 1, 160 மெகாவாட். வளைந்த கண்ணாடிகள் வெயிலைக் குவித்து எண்ணெயைச் சூடாக்குகின்றன. அந்தச் சூட்டை உருகிய உப்பில் தேக்கி வைத்தால் பொழுது சாய்ந்த பிறகும் 3 மணி நேரம் மின்சாரம் கிடைக்கும். நூர் 2, நூர் 3-ல் அது சுமார் 7 மணி நேரம். பாலைவன நாடுகள் இந்த வழியில்தான் போக வேண்டும் என்பேன்.

அருள்மொழி:
ஒப்புக்கொள்ள மாட்டேன். நூர் 1-ல் ஒரு யூனிட் மின்சாரம் 1.62 திர்ஹம் (மொராக்கோ நாணயம்). அதே வளாகத்தில் சாதாரண சோலார் பேனல் வைத்த நூர் 4-ல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மசென் என்ற அரசு சூரிய ஆற்றல் நிறுவனம் இந்த மின்சாரத்தை அதிக விலைக்கு வாங்கி அரசு மின்வாரியத்துக்குக் குறைத்து விற்கிறது. இடையில் விழும் நஷ்டம் மக்கள் தலையில். 2020-ல் அந்நாட்டின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் மன்றமே வெயிலைக் குவிக்கும் இந்தத் தொழில்நுட்பத்தைக் கைவிடச் சொன்னது.

செந்தில்வேல்:
பகல் யூனிட்டையும் ராத்திரி யூனிட்டையும் ஒரே விலையில் எடை போடுகிறீர்களே! அங்கே மின்தேவை உச்சத்துக்குப் போவது சூரியன் மறைந்த பிறகு. அந்த நேரத்தில் பேனல் எதுவும் தராது. நூர் 1 ஒப்பந்தம் 2012-ல் போட்டது. பேட்டரி அன்று விற்ற விலைக்கு ஒரு நகரத்தின் இரவுத் தேவையைத் தேக்க யாராலும் முடிந்திருக்காது.

அருள்மொழி:
2012 சரி. நூர் 2-க்கும் 3-க்கும் ஒப்பந்தம் கொடுத்தது 2015 தொடக்கத்தில். அந்தச் சமயத்தில்தான் நூரைக் கட்டிய இதே அக்வா பவர் நிறுவனம் துபாயில் யூனிட் 6 அமெரிக்க சென்டுக்கும் குறைவாகப் பேனல் மின்சாரம் தருவதாக ஒப்பந்தம் பிடித்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ராத்திரித் தேவைக்கு மொராக்கோவிடம் அஃபூரெரில் 464 மெகாவாட் நீரேற்று நிலையம், அதாவது தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம், ஏற்கனவே இருந்தது. அதைப்போல இன்னும் கட்டியிருக்கலாம். நூர் 3-ல் 2024-ல் உப்புத் தொட்டி கசிந்து மாதக்கணக்கில் உற்பத்தி நின்றதையும் சேர்த்துப் பாருங்கள்.

நாச்சியார்:
இருவரும் காசையே பேசுகிறீர்கள், தண்ணீரை யாரும் சொல்லவில்லை. நூர் 1 நீரால் குளிர்விக்கும் நிலையம். அதற்கும் கண்ணாடி கழுவவும் தண்ணீர் வருவது மன்சூர் எத்தஹபி அணையிலிருந்து. அணைக்குக் கீழே திரா பள்ளத்தாக்கின் பேரீச்சந் தோப்புகள் அதே நீரை நம்பியிருக்கின்றன. மழை பொய்க்கும் வருஷத்தில் அந்த விவசாயிக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

செந்தில்வேல்:
நியாயமான கேள்வி அம்மா. அதனால்தான் 2, 3-ஐக் காற்றால் குளிர்விக்கும்படி கட்டினார்கள். திறன் கொஞ்சம் குறையும், தண்ணீர் பெருமளவு மிஞ்சும். ஆனால் அருள்மொழி, நூர் 3 வந்த அதே 2018-ல் சஃபியில் 1,386 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஓடத் தொடங்கியது. மொராக்கோவின் ராத்திரி விளக்கு இன்னமும் பெரும்பாலும் நிலக்கரியில்தான் எரிகிறது. அதற்கு மாற்றாக எதையாவது தேக்கித்தானே ஆக வேண்டும்?

அருள்மொழி:
தேக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நஷ்டத்துக்குப் போகும் பணத்தில் பேனலும் பேட்டரியும் வாங்கியிருந்தால் சஃபி நிலக்கரி நிலையத்தின் ஒரு பிரிவையாவது இன்று நிறுத்தியிருக்கலாம் என்கிறேன்.

நாச்சியார்:
அப்படிச் செய்தால் நூர் 1-க்குப் போகும் அணைத் தண்ணீரை திராவுக்கே விட்டுவிடலாம். நான் அருள்மொழி பக்கம்.