கீழ்வீட்டுச் சிகரெட் புகை குளியலறை டக்ட் வழியே வருகிறது: சட்டப்படி என்ன செய்யலாம்?

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி) கேட்கிறார்:

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலையை ஒட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில், மூன்றாம் மாடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கு நேர் கீழே உள்ள வீட்டின் உரிமையாளர் சேலத்தில் இருக்கிறார். அந்த வீட்டில் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் மூன்று இளைஞர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். தண்ணீர் கேனோடு நான் படியில் தடுமாறினால், கேட்காமலே வாங்கிக்கொண்டு வந்து வாசலில் வைப்பார்கள். ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் விடியற்காலையில் குளியலறையில் நின்று சிகரெட் பிடிக்கிறார்கள். அந்தப் புகை டக்ட் (குளியலறைகளை ஒட்டிக் கீழிருந்து மொட்டைமாடிவரை போகும் காற்றுச் சந்து) வழியே மேலேறி, எங்கள் குளியலறை வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கிடையே நுழைந்து, மகள் படுத்திருக்கும் அறைவரை வந்துவிடுகிறது.

மகளுக்கு ஏழு வயது. வீசிங் தொந்தரவு உண்டு. மார்கழிக் குளிருக்குச் சன்னல்களை அடைத்துவிட்டுப் படுக்கும் நாட்களில் ஐந்து மணிக்கெல்லாம் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கும். கழுத்துக்குழி உள்ளே இழுக்கும். நாற்றம் போகட்டும் என்று முதலில் நான் சாம்பிராணி போட்டேன். அதுவும் புகைதான், மூச்சை இன்னும் கெடுக்கும் என்று மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்தினேன்.

இப்போது அவர்களில் ஒருவர் வேப் (மின் சிகரெட்) பிடிக்கத் தொடங்கியிருக்கிறார். "இது வெறும் நீராவிதான் அக்கா" என்கிறார். குடியிருப்புச் சங்கச் செயலாளரோ, அவரவர் வீட்டுக்குள் செய்வதை நாம் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரிதானா? பிள்ளைகளைக் காவல் நிலையத்துக்கு இழுக்க எனக்கு விருப்பமில்லை. புகை நின்றால் போதும்.

அதியமான்கோட்டை (தர்மபுரி, வழக்குரைஞர்):

அம்மா, செயலாளர் சொன்னதில் பாதி சரி. 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், அதன் நான்காம் பிரிவில், பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடை செய்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் பணியிடம், வணிக வளாகம், பேருந்து நிறுத்தம் போன்றவற்றையும் அதற்குள் கொண்டுவந்தன. இதற்கெல்லாம் முன்பே, 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைபிடிப்பதைப் பொதுத்தொல்லை என்று சொல்லியது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பல பொது இடங்களில் அதைத் தடுத்தது. ஆனால் இவற்றில் எதுவும் ஒருவரது வீட்டுக்கதவைத் தாண்டி உள்ளே போகவில்லை.

படிக்கட்டும் லிஃப்டும் பொது இடமா என்பது வாதத்துக்குரியது. தரைத்தளத்தில் கடை இருந்தாலும், சங்க அலுவலகத்திலோ காவலாளி அறையிலோ ஊழியர் இருந்தாலும், அவை பணியிடம் என்ற அளவில் விதிக்குள் வந்துவிடும். மற்ற பகுதிகளுக்கு, "இது பொது இடம்" என்று வழக்காடுவதைவிடச் சங்கத்தின் துணை விதியில் (பைலா) எழுதிவிடுவதே உறுதியான வழி. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்கள் சங்கமும் துணை விதிகளும் அதன் அடித்தளம்.

வீட்டுக்குள் பிடிக்கும் புகை அடுத்த வீட்டில் தொடர்ந்து துன்பம் தந்தால், அது தனிமனிதத் தொல்லை என்ற வகையில் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்க இடமுண்டு. ஆனால் ஒரு குழந்தையின் மூச்சு வழக்கு முடியும்வரை காத்திருக்காது. சேலத்து உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மருத்துவர் சீட்டின் நகலை இணையுங்கள். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது, வீட்டுக்குள்ளும் குளியலறையிலும் புகைபிடிக்கக்கூடாது என்ற ஒரு வரியைச் சேர்க்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது.

வேப் விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி. 2019இல் வந்த மின் சிகரெட் தடைச் சட்டம் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் ஆகியவற்றைக் குற்றமாக்கியது. முதல் முறை விற்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பிடிப்பதை மட்டும் குற்றமாக அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் இங்கே கடையில் சட்டப்படி வாங்கவே முடியாத பொருள் அது என்பதை அந்தத் தம்பி தெரிந்துகொள்ளட்டும்.

கெலவரப்பள்ளி (ஓசூர், கட்டுமானப் பொறியாளர்):

சட்டத்தைச் சகோதரர் சொல்லிவிட்டார். காற்றைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதே புகாரோடு என்னை அழைத்த வீடுகள் பல. உங்கள் சமையலறையில் சிம்னியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஓடும்போது, அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறெங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். சன்னல்கள் அடைத்திருந்தால், திறந்திருக்கும் ஒரே வழி குளியலறை வென்டிலேட்டர். ஆக, விடியற்காலையில் நீங்கள் பால் காய்ச்ச சிம்னியைப் போடும் நேரத்தில், டக்டில் நிற்கும் புகையை உங்கள் வீடே உறிஞ்சி இழுக்கிறது. அந்நேரம் சமையலறைச் சன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். குளியலறைக் கதவை மூடியே வையுங்கள்.

இரண்டாவது, காற்றை வெளியே மட்டும் விட்டு, நின்றதும் தானே மூடிக்கொள்ளும் மடல் வைத்த எக்ஸாஸ்ட் ஃபேனை வென்டிலேட்டரில் பொருத்தி, மீதிக் கண்ணாடிப் பட்டைகளை அடைத்துவிடுங்கள். குழாய்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடங்களில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அவற்றையும் சிலிகான் வைத்து அடைக்க வேண்டும். மூன்றாவது, மொட்டைமாடிக்குப் போய் டக்டின் வாயைப் பாருங்கள். மழைக்கும் புறாவுக்கும் பயந்து பலர் அதைத் தகரம் போட்டு மூடிவிடுகிறார்கள். மேலே வழியில்லாத புகை பக்கவாட்டில் வீடுகளுக்குள்தான் நுழையும்.

இவ்வளவும் செய்தாலும் புகை குறையுமே தவிர முற்றிலும் நிற்காது. அடுத்தவர் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

தென்பெண்ணை (காவேரிப்பட்டினம்):

நான் பதினெட்டு ஆண்டுகள் புகைபிடித்தவன். மனைவிக்கு நாற்றம் தெரியக்கூடாது என்று நானும் குளியலறையில்தான் பிடித்தேன். கண்ணாடிப் பட்டைக்கு அருகே வாயை வைத்து ஊதினால் வெளியே போய்விட்டது என்றே நம்பினேன். ஒருநாள் மேல்வீட்டு அம்மா என்னைக் கூட்டிப்போய் அவர்கள் குளியலறையில் நிற்க வைத்தார். நான் சற்றுமுன் பிடித்த சிகரெட்டின் வாசனை அங்கே அப்படியே இருந்தது. அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. மறுநாளிலிருந்து மொட்டைமாடிக்குப் போனேன். சில மாதங்களில் விட்டும்விட்டேன்.

அதனால் சொல்கிறேன், அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம். நீராவி என்று நினைக்கும் தம்பியிடம், அதில் நிக்கோட்டினும் நுண்துகள்களும் இருப்பதையும், அந்தத் திரவத்தைச் சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதையும் அன்பாகச் சொல்லுங்கள். விட விரும்பினால் 1800 112 356 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

மாந்தோப்பு:

அனைவருக்கும் நன்றி. ஞாயிறு காலை மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தோம். பொறியாளர் ஐயா சொன்னது போலவே டக்டின் வாயில் ஒரு பழைய தகரம், அதன்மேல் நான்கு செங்கல். கீழ்வீட்டுத் தம்பிகளையும் கூப்பிட்டோம். அவர்களே தகரத்தை இறக்கினார்கள். பிறகு மூவரையும் எங்கள் குளியலறைக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். அவர்களில் மூத்தவர், "மன்னிச்சிருங்கக்கா, சத்தியமா தெரியாது" என்றார். இனி மாடிக்கே போகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒப்பந்தம் முடிந்து நாளை வேறு ஆட்கள் வரலாம். செயலாளர் பொதுக்குழுவில் தீர்மானம் வைக்கச் சம்மதித்து, வாசகத்தை என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார். எப்படி எழுதுவது?

அதியமான்கோட்டை (தர்மபுரி, வழக்குரைஞர்):

சுருக்கமாக, சண்டைக்கு இடமில்லாமல் எழுதுங்கள்: "குடியிருப்பின் படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி, வாகன நிறுத்தம் ஆகிய பொதுப் பகுதிகளிலும், பொது டக்டுக்குத் திறக்கும் குளியலறைகளிலும் சிகரெட், பீடி, மின் சிகரெட் எதையும் பயன்படுத்தக்கூடாது. மொட்டைமாடியின் மேற்கு மூலை புகைபிடிப்பதற்கென ஒதுக்கப்படுகிறது. டக்டின் வாயை எவரும் மூடக்கூடாது. வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர் இவ்விதியை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்." மூலையை உங்கள் கட்டடத்தின் காற்றோட்டம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், டக்டின் வாயிலிருந்து தள்ளி இருக்கட்டும். கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் வந்தவர்களின் கையொப்பத்தோடு பதிவு செய்து, ஒரு நகலைச் சேலத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.