தொட்டி ‘சைக்கிள்’ ஆவதற்குத் தமிழில் என்ன சொல்வது?

களியக்காவிளை, திங்கள் இரவு

தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டிய நான்கு பக்கக் கையேடு ஒன்று ஒரே ஒரு சொல்லுக்காக என் மேசையில் நிற்கிறது. எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ‘வீட்டில் முதல் கடல்நீர் மீன்தொட்டி’ என்று ஓர் அரங்கு வைக்கிறார்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, நூறு லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ, அதுவும் சமையல் உப்பு இல்லை, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கடல் உப்புக் கலவை என்று எழுதியாயிற்று. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும், ஆகவே நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பதையும் எழுதிவிட்டேன்.

நிற்பது ‘சைக்கிளிங்’ என்ற இடத்தில்தான். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதைக் குறைந்த அளவில் மீன் தாங்கிக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது. இந்தக் காத்திருப்புக்குத்தான் சொல் வேண்டும்.

பாடநூலில் ‘நைட்ரஜன் சுழற்சி’ இருக்கிறதே என்று ‘தொட்டியைச் சுழற்சிக்கு உள்ளாக்குதல்’ என்று எழுதிப் பார்த்தேன். படித்த பையன் ஒருவன், “டீச்சர், மோட்டார் போட்டுத் தண்ணியைச் சுத்த விட்டா போதும், இல்லியா?” என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். தண்ணீர் தெளிந்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி மூன்றாம் நாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். ஐந்தாம் நாள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் இல்லை. சரியான சொல் கையில் இருந்திருந்தால் நான் காத்திருப்பேன் என்று இன்றும் நம்புகிறேன். உதவுங்கள்.

செங்கோட்டை, செவ்வாய் காலை

அன்புள்ள டீச்சருக்கு,

‘சுழற்சி’ இங்கே உதவாது. சுழற்சி என்பது இயற்கையில் நடப்பதன் பெயர். நீங்கள் கேட்பது நாம் செய்யும் வினை.

சொல் உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் புது மண்சட்டி வாங்கினால் கஞ்சித்தண்ணீர் ஊற்றி ஊற்றி நாலைந்து நாள் வைப்பார்கள். என் தாயார் அதைச் ‘சட்டி மயக்குவது’ என்பார். எல்லைக்கு அப்பால் மலையாளத்திலும் இதே சொல்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழியில் வந்த ஊர் என்பதால் இதை மலையாளக் கடன் என்று யாராவது சொல்லக்கூடும். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். மயங்கு–மயக்கு என்பது அடங்கு–அடக்கு போலத் தன்வினை–பிறவினை இணை. ‘மயக்கம்’ என்றால் கலத்தல். மெய்ம்மயக்கம், உருபு மயக்கம், திணை மயக்கம் எல்லாம் அந்தப் பொருளில்தான். தொல்காப்பிய மரபியலில்,

நிலம்தீ நீர்வளி விசும்பொடு ஐந்தும்
கலந்த மயக்கம் உலகம் ஆதலின்

என்று இருக்கிறது. நீரும் காற்றும் கல்லும் உயிரும் கலந்து ஒரு சிறு உலகம் ஆவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? ‘தொட்டி மயக்குதல்’. எழுதிவிடுங்கள்.

மார்த்தாண்டம், செவ்வாய் மதியம்

ஐயா, பாட்டு அருமை. ஆனால் கையேட்டில் போட வேண்டாம். எட்டு வருடமாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இந்தத் தொழிலில் மீனை மயக்குவது என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் பவளப்பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்த மீன் பார்க்கத் தெம்பாக இருந்தாலும் பிறகு செத்துப்போவது உண்டு. பவளமும் அழிகிறது. காயம்பட்ட மீனுக்கு மருந்து போடக் கிராம்பு எண்ணெய் கலந்து மயக்குவதும் உண்டு. ‘மயக்குதல்’ என்று எழுதினால் பிள்ளைகள் இதில் எதையாவது நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் அம்மா தோசைக்கல்லைப் ‘பழக்குவது’ என்பாள். எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து, முதல் நான்கு தோசையைப் பிய்த்துப் போட்டு, அப்புறம்தான் கல் பழகும். அவசரப்பட்டால் ஒட்டும். தொட்டியும் அதே கதைதான். ‘தொட்டி பழக்குதல்’. வேலை நம்முடையது என்றால் பழக்குதல், பாக்டீரியா தானாகச் செய்வது என்றால் பழகுதல். பெருகு–பெருக்கு, உருகு–உருக்கு மாதிரி. “தொட்டி பழகிடுச்சா?” என்று கேட்க வாய்க்கும் வசதி.

டீச்சர், அந்தப் பக்கத்தில் இன்னும் ஒன்று சேருங்கள். சீக்கிரம் பழக வேண்டும் என்று கடலிலிருந்து உயிர்ப்பாறையோ (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறைத் துண்டு) பவளத்துண்டோ எடுத்து வந்து போடக் கூடாது. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குக் கடல் கூப்பிடு தூரம். தெரியாமல் செய்துவிடுவார்கள். துளை நிறைந்த சுட்ட மண்கல், பீங்கான் வளையம் இவற்றிலேயே பாக்டீரியா நன்றாகக் குடியேறும். மீனும் அப்படித்தான். விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையங்கள் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யக் கற்றுத்தந்த கோமாளி மீன் இருக்கும்போது, கடலில் பிடித்ததை வாங்க வேண்டியதில்லை.

குப்பம், செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் வேறு ஒரு கவலையைச் சொல்ல வேண்டும்.

ஆந்திரத்தில், தெருவில் தெலுங்கு, பள்ளியில் தெலுங்கு, வீட்டுக்குள் மட்டும் தமிழ் என்று வளர்ந்தவன் நான். அடுப்படிச் சொற்கள் எனக்கும் உயிர்தான். ஆனால் அறிவியலுக்கு எப்போதும் அடுப்படிச் சொல்லையே எடுத்தால் தமிழ் அடுப்படியிலேயே இருந்துவிடும். டீச்சரின் கையேட்டில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பாக்டீரியா நான்கும் அப்படியே நிற்கின்றன. வினைச்சொல்லை மட்டும் தமிழாக்கி என்ன பயன்? உரக்கடையில் உழவர்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று கேட்டு வாங்குகிறார்கள். எவரும் விழிப்பதில்லை. நைட்ரஜனைத் தழைமம் என்றால் ‘தழைமச் சுழல் நிறுவுதல்’ என்று துல்லியமாகச் சொல்லலாம். அம்மோனியாவுக்கு, பித்தளைக்கு ஈயம் பூசுகிறவர்கள் கையில் இருக்கும் நவச்சாரத்திலிருந்து (அதுவும் ஓர் அம்மோனிய உப்புதான்) ஒரு சொல் எடுக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை, புதன் காலை

குப்பத்துத் தம்பி, உங்கள் வலி எனக்குத் தெரியும். பாலக்காட்டுப் பக்கம் தமிழ்வழி வகுப்பு எடுக்கிறவள் நான். ஆனால் தழைமம், நவச்சாரியம் என்று படித்த பிள்ளை கடைக்குப் போய் எந்தச் சோதனைப் புட்டியைக் கேட்கும்? புட்டியின் மேல் அம்மோனியா என்றுதான் இருக்கும். அங்கே தடுமாறினால் மீன் சாகும். தவிர நவச்சாரமும் தமிழ் வேர் இல்லை. வடக்கே நவசாதர் என்பதும் அதே சரக்குதான்.

மார்த்தாண்டம் அண்ணன் சொல்லில் எனக்கு ஒரு தடை. கடையிலிருந்து வந்த மீனை உடனே தொட்டியில் கொட்டாமல், தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் விட்டு உப்புக்கும் சூட்டுக்கும் ஒத்துவர வைக்கிறோமே, அதை எல்லோரும் ‘மீனைப் பழக்குதல்’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு வேலைக்கும் ஒரே வினை என்றால் ஆறு வாரத்தையும் ஒரு மணி நேரத்தையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள்.

என் பரிந்துரை ‘உறையேற்றுதல்’. பாலுக்கு உறை ஊற்றுகிறோம். பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைப் புதுத் தொட்டியில் போட்டால் சீக்கிரம் ஆகிவிடுகிறது. உறைமோர் செய்யும் வேலையும் இதுதானே? இரண்டிலும் நாம் ஊற்றுவது பாக்டீரியாவை. அதோடு உறைதல் என்றால் தங்கி வாழ்தல். உறைவிடம், உறைபதி. இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரில் இல்லை. கல்லிலும் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி உறைகிறது. அதனால்தான் தண்ணீரைக் கொஞ்சம் மாற்றினால் ஒன்றும் ஆவதில்லை, ஆனால் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லே கற்றுத்தருகிறது.

குப்பம், புதன் மதியம்

அக்கா, புட்டி வாதம் வலுவானது. அம்மோனியாவை விட்டுவிடுகிறேன். தழைமத்தை விடவில்லை.

உறை என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. தெலுங்கில் பாலுக்கு ஊற்றும் உறைமோரைத் ‘தோடு’ என்பார்கள். தோடு என்றால் துணை என்றும் பொருள். பாலுக்குத் துணை வைக்கிறார்கள்! நம் தோழன், தோழமையோடு இதற்கு உறவு இருக்குமா?

மார்த்தாண்டம், புதன் மாலை

உறவு இருக்கட்டும் தம்பி, வெள்ளிக்கிழமை வருகிறது.

அக்கா, ‘தொட்டி உறைந்துவிட்டதா’ என்றால் ஐஸ் ஆகிவிட்டதா என்றுதான் கேட்பார்கள். தலையணை உறையும் வரும். இன்னொரு சங்கடம், உறை போடாமலும் தொட்டி பழகும். ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விட்டாலே அம்மோனியா உண்டாகி, பாக்டீரியா தானாக வந்து சேரும். உறை என்பதை அந்தப் பஞ்சுத் துண்டுக்குப் பெயராக வைத்துக்கொள்வோம். அதற்கு இதைவிட நல்ல சொல் கிடையாது. மீனுக்கான சொட்டு வேலையை ‘இணக்குதல்’ என்று பிரித்துவிடலாம். தொட்டியைப் பழக்கு, மீனை இணக்கு.

களியக்காவிளை, வியாழன் மதியம்

இன்று வகுப்பில் மூன்று சொல்லையும் கரும்பலகையில் எழுதி, விளக்கம் சொல்லாமல், “இந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். ‘மயக்குதல்’ என்றதற்குப் பெரும்பாலோர் ஐந்து நிமிடம் என்றார்கள். ‘உறையேற்றுதல்’ என்றதற்கு ஓர் இரவு. தயிர் அப்படித்தானே ஆகிறது! ‘பழக்குதல்’ என்றதற்குப் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “யானையைப் பழக்குறதுன்னா மாசக்கணக்கா ஆகும் டீச்சர்” என்றாள். எனக்கு வேண்டியது அந்த மாசக்கணக்குதான். பழக்குதல் என்றே எழுதுகிறேன். வேறு கருத்து இருந்தால் இரவுக்குள் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, வியாழன் மாலை

சம்மதம். உறை பஞ்சோடு நிற்கட்டும்.

குப்பம், வியாழன் மாலை

கையேட்டுக்குச் சரி. தலைப்பில் ‘தழைமச் சுழற்சி’ என்று ஒருமுறையாவது வரட்டும். அடைப்புக்குள் நைட்ரஜன் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை, வியாழன் இரவு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் உடன்படவில்லை. ‘பழக்குதல்’ ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுக்கொடுப்பது. தொட்டியில் கற்பவர் யார்? கல்லா, நீரா? மயக்கத்தில் அந்தக் கேள்வியே எழாது. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒன்றாகிறது. மயக்க மருந்துக்குப் பயந்து ஈராயிரம் ஆண்டுச் சொல்லைக் கைவிடுவது எனக்குத் துயரமாக இருக்கிறது.

போகட்டும். உங்கள் வரைவின் மூன்றாம் பக்கத்தில் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்று ஒரு கருவி வருகிறதே, நுண்குமிழிகளைக் கீழிருந்து விட்டு, கரைந்த கழிவு அவற்றில் ஒட்டி நுரையாக மேலே வந்து கிண்ணத்தில் வழிவது. அதற்கும் சொல் இல்லாமல் விட்டிருக்கிறீர்கள். பெரும்பாணாற்றுப்படையில் விடியற்காலையில் தயிர் கடையும் ஆய்மகளைச் சொல்லும்போது,

உறையமை தீந்தயிர் கலக்கி நுரைதெரிந்து

என்று வருகிறது. தெரிதல் என்றால் ஆய்ந்து எடுத்தல். கொழிஞ்சாம்பாறை அம்மாவின் உறையும் அதே அடியில் இருப்பதைப் பாருங்கள். ‘நுரைதெரிப்பான்’ என்று வைக்கலாமே?

மார்த்தாண்டம், வியாழன் இரவு

ஐயா, தெரிப்பான் என்றால் காட்டுவது என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ‘நுரைவாரி’ போதும். நெல்லை வாருகிறோம், நுரையையும் வாருவோம்.

களியக்காவிளை, வெள்ளி காலை

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாம் பக்கம் இப்படி வந்திருக்கிறது:

“தொட்டியைப் பழக்குதல்: உப்புநீர் நிரப்பியபின் நான்கு முதல் ஆறு வாரம். பழகிய தொட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு கிடைத்தால் உறையாகப் போடுக. கடலிலிருந்து கல் எடுக்காதே. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியம் காட்டும்வரை மீன் வாங்காதே. வாங்கிய மீனைச் சொட்டுநீரில் இணக்கிய பின் விடுக.”

தழைமம் தலைப்பில் இருக்கிறது தம்பி. நுரைவாரியா நுரைதெரிப்பானா என்று முடிவாகாததால் அந்த இடத்தில் படம் மட்டும் போட்டேன்.

அரங்கில் வைக்கும் தொட்டிக்கு இன்றோடு பத்தொன்பது நாள். அம்மோனியா இறங்கிவிட்டது, நைட்ரைட் இன்னும் உச்சத்தில் நிற்கிறது. கண்காட்சி அன்று அதில் மீன் இருக்காது. வெறும் தண்ணீரும் கல்லும்தான்.

செங்கோட்டை, வெள்ளி காலை

மகிழ்ச்சி. தெரி என்பதற்குக் காட்டு என்பது மட்டுமே பொருளன்று. தேர்தல், ஆராய்தல் என்ற பொருளும் உண்டு. மார்த்தாண்டம் தம்பிக்கு இன்று மாலை விரிவாக எழுதுகிறேன்.