விரிசலைக் கண்காணிக்க 3.5 லட்சம்: தகுமா?

கேள்வி: எங்க அப்பார்ட்மென்ட் 24 வீடு, கட்டி 22 வருஷம். பார்க்கிங்ல ரெண்டு பில்லர்ல கான்கிரீட் பெயர்ந்து கம்பி துருவோட தெரியுது. இது போக, பக்கத்து மனையில பேஸ்மென்ட்டுக்குத் தோண்ட ஆரம்பிச்சதுல இருந்து எங்க படிக்கட்டுச் சுவர்ல குறுக்கா ஒரு விரிசல். சென்சார் வச்சு போன்லயே பார்க்கலாம்னு 3.5 லட்சத்துக்குக் கொட்டேஷன் வந்திருக்கு. செயலாளரா நான் தலையாட்டணுமா?

பதில் 1: உயிரை விட காசு பெருசா சார்? வச்சிடுங்க.

பதில் 2: பாலம் பராமரிப்புல 31 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ரீடிங் மோசமா வந்தா என்ன செய்வீங்கன்னு முதல்ல எழுதி வைங்க. வந்தாலும் வராட்டாலும் அதையேதான் செய்யப் போறீங்கன்னா சென்சார் தண்டம். பில்லர் அந்த ரகம். துரு கண்ணுக்கே தெரியுது, அந்தக் காசை ரிப்பேருக்குப் போடுங்க.

அமெரிக்காவுல மினியாபொலிஸ்ல 2007 ஆகஸ்ட் 1 அன்னிக்கு ஐ-35டபிள்யூ பாலம் விழுந்து 13 பேர் செத்தாங்க. இணைப்புத் தகடு வளைஞ்சிருந்தது 2003-ல எடுத்த போட்டோவுலயே தெரியுது. தகவல் இருந்தது, யாரும் அதை வச்சு முடிவு எடுக்கல. பழைய பாம்பன் பாலத்துல ரயில் ஓடின காலத்துல இருந்த காற்றுமானி அப்படி இல்ல. காத்து வரம்பு தாண்டினா சிக்னல் தானா சிவப்பாயிடும், ரயில் நின்னுடும்.

உங்க விரிசல் வேற கதை. அது வளருதா இல்லையாங்கிறதை வச்சுத்தான் தோண்டுறதை நிறுத்தச் சொல்லணும். அதைக் கட்டாயம் கண்காணிங்க. ஆனா விரிசலுக்குக் குறுக்கே ஒட்டுற கண்ணாடிச் சில்லு போதும், சுவர் அசைஞ்சா அது உடையும்.

அதுலயும் நான் சூடுபட்டிருக்கேன். ஒரு மதகுச் சுவர்ல சில்லு ஒட்டிட்டு வந்தேன். மூணு மாசம் கழிச்சுப் போனா ரெஜிஸ்டர்ல வாராவாரம் 'சரி'ன்னு ஒரே பேனாவுல எழுதியிருக்கு. சில்லு எப்பவோ ரெண்டா உடைஞ்சு, ஒரு பாதி மேல சிலந்தி கூடு கட்டியிருந்தது.

கேள்வி கேட்டவர்: நன்றி சார். சில்லு எங்க கிடைக்கும்? பூச்சு மேலயே ஒட்டலாமா?

பதில் 2: வேண்டாம், பூச்சு தனியா வெடிக்கும். அந்த இடத்துல கொத்திட்டு செங்கல்லுலயே ஒட்டுங்க. லேப் சாமான் கடையில மைக்ராஸ்கோப் ஸ்லைடு கேளுங்க. ரெண்டு முனையில மட்டும் எபாக்ஸி பசை. ஸ்லைடுலயே தேதி எழுதுங்க. உடைஞ்சா அசைவு இருக்குன்னு அர்த்தம், எவ்வளவுன்னு அது சொல்லாது. அதுக்கு விரிசலுக்கு ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு, நடுவுல உள்ள தூரத்தை வெர்னியரால (நுணுக்கமா அளக்கிற கருவி) அளங்க. தினமும் காலை 7 மணிக்கே அளங்க, வெயில் ஏறினா சுவரும் நீளும். முக்கியமா, வாட்ச்மேன்கிட்ட விடாதீங்க.