குடும்பத்தோடு மீன் பிடிக்க அலுமினியப் படகு: எது பாதுகாப்பு?

வணக்கம். படகு ஓட்டும் உரிமம் இப்போதுதான் கிடைத்தது. சிங்கப்பூரில் சாங்கி, உபின் தீவுப் பக்கம் மீன் பிடிக்க அலுமினியப் படகு ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்புறம் ஓரிடத்தில் உட்காரவே மாட்டாத அப்பா.

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகும் மச்சான், "தட்டை அடிப் படகு வாங்கு, எழுந்து நின்றாலும் அவ்வளவாக ஆடாது" என்கிறான். அவனுக்கென்ன, சதுப்பு நிலத்து அசையாத தண்ணீர்! இங்கே பெரிய கப்பல் கடந்தாலே அலை தூக்கிப் போடும். தட்டை அடி அலையில் படார் படாரென்று அறையுமே. வி வடிவ அடி அலையைக் கிழித்துப் போகும், ஆனால் நிற்கும்போது சாயுமாம்.

ஐந்து பேருக்கு 14 அடி நீளம் போதுமா, 16 வேண்டுமா? உப்புத் தண்ணீரில் வைத்திருப்பவர்கள், அரிப்பைத் தடுக்கும் துத்தநாகக் கட்டியை எப்போது மாற்றுகிறீர்கள்?