பில்லிங் மெனுவின் நிழல் மானிட்டரில் அப்படியே நிற்கிறது – பேனல் மாற்றித்தான் ஆகவேண்டுமா?

கணக்குப்பிள்ளை_திநகர்:
வணக்கம். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் வேலை. பில்லிங் சாஃப்ட்வேர் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். கொஞ்ச நாளாக வேறு எதைத் திறந்தாலும் இடதுபக்க மெனுவும் மேலே இருக்கும் பட்டன்களும் மங்கலாகத் தெரிகின்றன. சாம்பல் நிறப் பின்னணியில் நன்றாகவே தெரிகிறது. 24 அங்குல ஐபிஎஸ் (எல்சிடியில் ஒரு வகை) மானிட்டர். ரிச்சி தெருவில் ஒருவரிடம் காட்டினேன். "பர்ன்-இன் சார், பேனல் போச்சு" என்று, அதாவது படம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது என்று சொல்லி, புது மானிட்டர் விலையைக் கேட்கிறார். முதலாளியிடம் போவதற்கு முன் உங்களைக் கேட்கிறேன்.

சர்வீஸ்_அண்ணாச்சி:
அவசரப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் சார். நிழல் தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் பாருங்கள். அதிலும் நிழல் இருந்தால் கோளாறு கம்ப்யூட்டரில். இல்லையென்றால் மானிட்டர் பக்கம். அப்படியே வேறொரு லேப்டாப்பையும் இதே மானிட்டரில் மாட்டிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை_திநகர்:
ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருக்கிறது. லேப்டாப்பை மாட்டினாலும் அதே மெனு, அதே இடத்தில்.

சர்வீஸ்_அண்ணாச்சி:
சரி, அப்போது பேனல்தான். ஆனால் பேனல் "போச்சு" என்று அர்த்தமில்லை. எல்சிடியில் பிக்சல் தானாக ஒளி விடாது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைத் திரவப் படிகம் திரும்பி மறைக்கும், விடும். அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் திசையை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த மாற்றத்தில் துளி ஏற்றத்தாழ்வு இருந்தாலும், ஒரே படம் மணிக்கணக்கில் நிற்கும்போது மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். படத்தை மாற்றினாலும் அந்த இடத்துப் படிகம் முழுதாகப் பழைய நிலைக்கு வராது. இதற்குப் பெயர் இமேஜ் ரிடென்ஷன். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அசல் பர்ன்-இன் ஓஎல்இடி சமாச்சாரம். அங்கே ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது, எரிய எரியத் தேய்கிறது. நீலம் எல்லாவற்றுக்கும் முன்னால் தேயும். தேய்ந்தது திரும்பாது.

ஒரு கேள்வி. ராத்திரி மானிட்டரை அணைக்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை_திநகர்:
இல்லை சார். ராத்திரி பேக்கப் ஓடும், அதனால் எதையும் அணைக்கக் கூடாது என்று உத்தரவு. விடிய விடிய பில்லிங் ஸ்கிரீன் அப்படியே நிற்கும்.

சர்வீஸ்_அண்ணாச்சி:
அங்கேதான் விஷயம். பேக்கப்புக்கு சிபியு ஓடினால் போதும், திரை எதற்கு? விண்டோஸ் பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வைத்துவிட்டு, திரை மட்டும் 5 நிமிடத்தில் அணையும்படி மாற்றுங்கள். என்இசி மானிட்டர் கையேடுகளிலேயே ஒரு கணக்கு உண்டு: படம் 1 மணி நேரம் நின்றிருந்தால் 1 மணி நேரம் அணைத்து வை. உங்களுடையது ரொம்ப நாள் சேர்ந்தது, நேரம் பிடிக்கும். மதியம் சாப்பிடப் போகும்போது முழுத்திரையில் வெறும் வெள்ளைப் படம் போட்டுவிட்டுப் போங்கள்.

போரூர்_கோடர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும் அண்ணா. என்னுடையது ஓஎல்இடி லேப்டாப், டாஸ்க்பார் நிழல் விழுந்திருக்கிறது. யூடியூபில் கலர் கலராக மின்னும் 'பர்ன்-இன் ஃபிக்ஸ்' வீடியோவை ராத்திரி முழுக்க ஓடவிடலாமா?

சர்வீஸ்_அண்ணாச்சி:
வேண்டாம் தம்பி. தேயாத பிக்சலையும் சேர்த்துத் தேய்ப்பதுதான் மிச்சம். பிக்சல் ரெஃப்ரெஷ் வசதி இருந்தால் அதை ஓட்டுங்கள். அதுவும் தேய்மானத்தை ஈடுகட்டுமே தவிர, இழந்ததைத் திருப்பித் தராது. டாஸ்க்பாரை ஆட்டோ-ஹைட், டார்க் மோட், பிரைட்னஸைக் குறைப்பது, இவ்வளவுதான் இனி நம் கையில்.

கணக்குப்பிள்ளை_திநகர்:
அண்ணாச்சி சொன்னபடி செட்டிங் மாற்றினேன். பட்டன்கள் மறைந்துவிட்டன. மெனுவின் ஓரம் மட்டும் சாம்பல் திரையில் உற்றுப் பார்த்தால் தெரிகிறது. இன்னும் வாரண்டி இருக்கிறது, கம்பெனியில் புகார் கொடுக்கலாமா?

சர்வீஸ்_அண்ணாச்சி:
இப்போதே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கிரீன்ஷாட்டில் இது வராது. குறைந்துகொண்டே வந்தால் புகார் தேவையில்லை. ஒரே அளவில் நின்றுவிட்டால், வாரண்டி முடிவதற்குள் அந்த போட்டோவோடு போங்கள்.