கொம்பியூட்டரை ரீவியில் கொழுவினால் ஓரம் வெட்டுப்படுகிறது, இருட்டுக் காட்சி கரியாகத் தெரிகிறது

வட்டக்கச்சி வாய்க்கால்:

வணக்கம். அம்மம்மாவுக்காக ஒரு வேலை தொடங்கி இடையில் நிற்கிறேன்.

அவருடைய ஊர் முள்ளியவளை. இப்போது எங்களோடு வட்டக்கச்சியில் இருக்கிறார். முழங்கால் ஏலாது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் மூன்று வருடமாகிறது. போனில் நேரலையைப் பிடித்துக் காட்டினால், "உது எறும்பு ஊருற மாதிரிக் கிடக்குது, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்கிறார். வைகாசி விசாகத்துக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. இந்த முறை பெரிதாகக் காட்டுவோம் என்று, ஒரு அலுவலகத்தில் கழித்துவிட்ட சின்னப் பெட்டிக் கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10. வீட்டில் இருப்பது 32 அங்குல ரீவி. கொம்பியூட்டரில் டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருப்பதால் எச்டிஎம்ஐக்கு மாற்றுகிற குட்டிக் கேபிள் போட்டிருக்கிறேன். ரெசலூஷன் 1920×1080.

படம் வருகிறது. ஆனால் நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் வெட்டுப்படுகிறது. கீழே டாஸ்க்பார் பாதிக்கு மேல் தெரியவில்லை, குரோமை மூடுகிற பெருக்கல் குறி மூலைக்குள் போய்விட்டது. எழுத்து கலங்கலாக இருக்கிறது.

எனக்குப் பெரிய கவலை மற்றது. போன வருடத்துப் பொங்கல் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். காட்டா விநாயகர் கோயிலில் உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிற இடம் வந்தது. விளக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிகிறது, சுற்றி நிற்கிற ஆட்கள் முழுக்கக் கரி. அதே வீடியோவில் போனில் முகங்கள் தெரிகின்றன. ரவுணில் ஒரு கடையில் கேட்டேன், "பனல் பழுது, புதுசு எடுங்கோ" என்றார்கள். சாதாரண அலைவரிசைகள் அதே ரீவியில் நன்றாகத்தான் ஓடுகின்றன.

இன்னொன்று. கேபிள் செருகும்போது பெட்டியின் தகரத்தில் கை பட்டால் லேசாகக் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது. இது வழமையானதா?

ஏ9 பயணி:

எனக்கென்றால் கேபிளில்தான் சந்தேகம். மலிவுக் கேபிளாக இருக்கும். தங்க முலாம் பூசினது ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள், நிறம் நன்றாக வரும்.

கனகராயன்:

தம்பி, முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. அது வழமையானதல்ல, அசட்டை செய்யக் கூடாது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சொக்கெட்டிலோ, எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனிலோ போட்டிருப்பீர்கள். கொம்பியூட்டரின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டுகிற சிறிய கண்டென்சர்கள் இருக்கின்றன. எர்த் இருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி தகரத்தில் வந்து நிற்கும். கரண்ட் அளவு சிறிது என்பதால் ஆளுக்குச் சுள்ளென்பதோடு போகிறது. ஆனால் எச்டிஎம்ஐ செருகும் நொடியில் அது ரீவிக்குள் பாய்ந்தால் அந்தப் போர்ட் எரிந்துவிடும். எரிந்து என்னிடம் வந்தவை நிறைய. எர்த் சரிசெய்யும்வரை கேபிளைத் தொட முதல் இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். அந்த வயரால் வருகிற இடி, ரீவியைத் தாண்டிக் கொம்பியூட்டரையும் கொண்டுபோகும்.

இனிப் படத்துக்கு வருவோம். உங்கள் பனல் பழுதில்லை. பழுதென்றால் டிஷ்ஷில் வருகிற படமும் அப்படித்தான் இருக்கும். கேபிளும் இல்லை. பயணி தம்பி, கோபிக்க வேண்டாம், எச்டிஎம்ஐயில் போவது எண்கள். கேபிள் கெட்டால் மினுமினுவென்று புள்ளிகள் பறக்கும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது வராமலே போகும். ஓரத்தை அளந்து வெட்டவோ கறுப்பைக் கூட்டவோ கேபிளால் முடியாது.

ஓரம் வெட்டுப்படுவது பழைய குழாய் ரீவியின் பழக்கம். எங்கள் பக்கம் ஜெனரேட்டரில் டெக் போட்டுப் படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், எஞ்சின் தளம்பினால் படம் நாலு பக்கமும் சுருங்கும், பிறகு விரியும். அந்த ஆட்டம் கண்ணில் படாதிருக்கவே, படத்தைச் சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் தள்ளிப் பெரிதாக்கி வைத்தார்கள். இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். தட்டை ரீவிக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் பல ரீவிகள் இன்னமும் அதைச் செய்கின்றன. கணக்குப் பாருங்கள். 1080 வரியில் மேலும் கீழும் இரண்டரை வீதம் போனால் கீழே மட்டும் 27 வரி. உங்கள் டாஸ்க்பார் 40 வரி. நீங்கள் சொன்ன அளவு சரியாக வருகிறது.

இதைக் கொம்பியூட்டரில் சுருக்கித் திருத்தாதீர்கள். சுருக்கின படத்தை ரீவி திரும்பவும் இழுக்கும், எழுத்து இன்னும் கலங்கும். ரீவி றிமோட்டில் படத்தின் அளவு மாற்றுகிற இடத்தைத் தேடுங்கள். எல்ஜியில் "ஜஸ்ட் ஸ்கேன்", சாம்சுங்கில் "ஸ்கிரீன் ஃபிட்", சோனியில் "ஃபுல் பிக்சல்" என்று இருக்கும். எச்டிஎம்ஐயில் நிற்கும்போதுதான் சில ரீவிகளில் அது காட்டும். அந்த இன்புட்டுக்குப் பெயர் வைக்க இடமிருந்தால் "பிசி" என்று வையுங்கள். பல ரீவிகள் அதற்குப் பிறகுதான் எழுத்தைத் தீட்டிக் கெடுப்பதை நிறுத்தும்.

விளக்குக்கு வருகிறேன், எனக்கும் அதுதான் முக்கியம். கொம்பியூட்டருக்கு முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. ரீவிக்கு வழக்கமாகக் கறுப்பு 16, வெள்ளை 235. கொம்பியூட்டர் தன் கணக்கில் அனுப்பி, ரீவி தன் கணக்கில் வாசித்தால் 16க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பு, 235க்கு மேலே உள்ளதெல்லாம் ஒரே வெள்ளை. விளக்கடியில் நிற்கிற முகங்கள் அந்த இருட்டு எண்களுக்குள்தான் கிடக்கின்றன. சுடரின் மஞ்சள் வெள்ளைக்குள் கரைந்துவிட்டது. மறுவளமாக மாறினால் இரவுக் காட்சி சாம்பல் பூசியது போலத் தெரியும்.

இன்டெல் கிராபிக்ஸ் செற்றிங்கைத் திறந்து, டிஸ்ப்ளே பகுதிக்குள் "குவான்டைசேஷன் ரேஞ்ச்" என்பதை "லிமிட்டட்" (16 முதல் 235 வரை) ஆக்குங்கள். அல்லது ரீவியில் "எச்டிஎம்ஐ பிளக் லெவல்" என்பதை மாற்றுங்கள். இரண்டில் ஒன்று மட்டும். அந்த ரீவி மெனுவில் "லோ", "ஹை" என்று எழுதியிருப்பதன் பொருள் கம்பனிக்குக் கம்பனி மாறுவதால் கண்ணால் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். விண்டோஸில் இருக்கிற பெயின்ட் செயலியில் முழுக் கறுப்புத் தாள் ஒன்று செய்து, அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 8 கொடுத்து ஒரு கட்டம், 16 கொடுத்து ஒன்று, 24 கொடுத்து ஒன்று வரையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். இப்போது 24 மட்டும்தான் மங்கலாகத் தெரியும். சரிவந்தால் 8கூட மெல்லத் தெரியும். பிரைட்னஸைக் கூட்டி இதைத் திருத்த முயன்றால் கரி சாம்பலாகும், முகம் வராது.

மல்லாவி அக்கா:

கனகராயன் அண்ணா சொன்னதோடு ஒன்று. கரண்ட் போய் வந்த பிறகு எங்கள் வீட்டில் "நோ சிக்னல்" என்றே நிற்கும். ரீவி தான் எந்த அளவு படம் எடுக்கும் என்று கொம்பியூட்டருக்குச் சொல்ல வேண்டுமாம், ரீவி நித்திரையில் இருக்கக் கொம்பியூட்டர் எழும்பினால் சிலவேளை அது நடக்காது. ரீவியை முதலில் போட்டுவிட்டுப் பிறகு கொம்பியூட்டரைப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நாலையும் ஒன்றாக அமத்துங்கள், திரை ஒருக்கால் இருண்டு வரும். பொங்கல் இரவு கரண்ட் போனால் அந்தரப்படாமல் இருக்கச் சொல்கிறேன். சத்தம் ரீவியில் வராவிட்டால் மூலையில் ஸ்பீக்கர் குறியை அமத்தி ரீவியின் பெயரைத் தெரிவு செய்யுங்கள்.

வட்டக்கச்சி வாய்க்கால்:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று இரவு இருந்து செய்தேன்.

எங்கள் ரீவியில் "ஜஸ்ட் ஸ்கேன்" என்றே இருந்தது. டிஷ்ஷில் நின்று தேடினபோது காணவில்லை, எச்டிஎம்ஐக்கு மாற்றினதும் வந்தது. டாஸ்க்பார் முழுக்கத் தெரிகிறது, பெருக்கல் குறியும் வந்துவிட்டது. பெயின்டில் மூன்று கட்டம் போட்டேன். நீங்கள் சொன்னபடியே 24 மட்டும்தான் தெரிந்தது. "லிமிட்டட்" ஆக்கினதும் 16 தெளிவாக வந்தது, கிட்டப் போய்ப் பார்த்தால் 8ம் தெரிகிறது.

எழுத்து மட்டும் கொஞ்சம் கலங்கல்தான். ரீவியின் பெட்டியில் பார்த்தேன், பனல் 1366×768. 1080 வரியை அதற்குள் அடைத்தால் அப்படித்தான் வருமென்று விளங்கியது. விண்டோஸில் எழுத்தளவை 150 வீதம் ஆக்கிவிட்டேன், அம்மம்மா எட்ட இருந்தே வாசிக்கிறார்.

பிறகு அதே வீடியோவைப் போட்டேன். விளக்குக்குப் பின்னால் ஒரு வரிசை ஆட்கள் நிற்கிறார்கள், சுடர் மஞ்சளாகவே இருக்கிறது. அம்மம்மா கதிரையை இழுக்கச் சொல்லி முன்னுக்கு வந்தார். திரையில் ஒரு தூணைத் தொட்டு, "உந்தத் தூணடியிலைதான் நான் ஒவ்வொரு வருசமும் நிக்கிறனான்" என்றார். இதற்கு முதல் அந்தத் தூணே தெரியவில்லை.

பிளக் விசயம் நீங்கள் சொன்னதுதான், எக்ஸ்டென்ஷனில் எர்த் இல்லை. சுவர் சொக்கெட்டிலும் எர்த் வயர் கொழுவவில்லை என்று பார்த்தவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கம்பி இறக்க வருகிறார்.