போலந்துல 'நீலக் கார்டு' போட்டுட்டாங்க, வாபஸ் வாங்க முடியுமா?

திருமங்கலம்_செல்வி:
எங்க சின்னம்மா மக வ்ரோத்ஸ்வாஃப்ல இருக்கா, மாப்ள அங்க ஐடி. போன வாரம் இவள அடிச்சிருக்கான், சத்தம் கேட்டு பக்கத்து ஃப்ளாட் பாட்டி போலீஸுக்கு போன் போட்டுருச்சு, அவங்க வந்து 14 நாளைக்கு இந்தப் பக்கமே வராதன்னு அவன வெளிய அனுப்பிட்டு நீலக் கார்டுன்னு ஒண்ணு போட்டுப் போயிருக்காங்க. இப்ப உசிலம்பட்டியில இருந்து மாப்ள வீட்டாளுக வந்து சின்னம்மா வீட்லயே உக்காந்துக்கிட்டு, வாபஸ் வாங்கச் சொல்லு, வாடகை அக்ரிமெண்ட் அவன் பேர்லதான இருக்கு அவன எப்படி வெளிய தள்ளலாம்னு ஒரே சத்தம் போடுறாய்ங்க. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிராகோவ்_பாண்டி:
அக்கா, எனக்கு மேலூரு, இப்ப இங்கிட்டுதான் இருக்கேன். நீலக் கார்டு கேஸ் கிடையாது, வீட்டுல அடிதடி நடந்தா பதிஞ்சு வச்சுக் கண்காணிக்க 1998ல போலீஸ் ஆரம்பிச்ச ஏற்பாடு. போலீஸ், டாக்டர், டீச்சர் யார் வேணா தொடங்கலாம், அடி வாங்குனவ சம்மதம்கூட வேணாம், அப்புறம் அவ எங்க போயி வாபஸ் வாங்குறது? கிரிமினல் கேஸ் தனி, போலந்து குற்றவியல் சட்டத்துல 207வது பிரிவு, அதையும் அரசாங்கமே நடத்தும். வீடு யார் பேர்ல இருந்தாலும் அடிச்சவன உடனே வெளிய அனுப்புற அதிகாரம் 2020 நவம்பர் கடைசில இருந்து போலீஸுக்கு இருக்கு. 14 நாள் முடியுறதுக்குள்ள கோர்ட்ல மனு போட்டா நீட்டிக்கலாம், மொதல்ல அதப் பாருங்க. அடி வாங்குனவங்களுக்கு உதவுற போன் நம்பர் 'நீல லைன்' 800 120 002, ராத்திரியும் எடுப்பாங்க.

எஸ்எஸ்காலனி_பெருசு:
அடிக்கிற கைதான் அணைக்கும். வெள்ளக்காரனுக்கு குடும்பம்னா என்ன தெரியும், போலீஸ விட்டுப் பிரிச்சு விட்டுட்டான்.

கிராகோவ்_பாண்டி:
பெரியப்பா, இந்த போலந்துக்காரங்களும் இதேதான் பேசிக்கிட்டு இருந்தாங்க. புருசன் அடிக்கலேன்னா பொண்டாட்டிக்கு ஈரல் அழுகிரும்னு இங்க ஒரு பழமொழியே இருக்கு! சர்ச்சுக்குப் போற ஊரு, வீட்டு விசயம் வெளிய போகக்கூடாதுன்னு வளந்தவங்க. 2010ல பிள்ளைகள அடிக்கிறதையே சட்டம் போட்டுத் தடுத்தாங்க, 2015ல பொம்பளைங்க மேல வன்முறையத் தடுக்குற இஸ்தான்புல் ஒப்பந்தத்த ஏத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம் 2020ல நீதி மந்திரி ஜியோப்ரோ அது குடும்பத்தக் கெடுக்குது வெளிய வந்துருவோம்னாரு, கொரோனா நேரத்துலயும் பொம்பளைங்க வார்சாவுல ரோட்டுக்கு வந்துட்டாங்க. கடைசி வரைக்கும் வெளிய வரல. எங்க ஹவுஸ் ஓனரம்மாவுக்கு எழுவது வயசு இருக்கும், எங்க காலத்துல சத்தம் கேட்டா ரேடியோவக் கூட்டி வைப்போம்னு சொல்லும். இப்ப அதே வயசுப் பாட்டிதான போன் போட்டிருக்கு.

கோர்ட்டு_கருப்பன்:
பெருசு, நம்ம நாட்டு 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துலயும் 19வது பிரிவுல அடிக்கிறவன வீட்ட விட்டு வெளியேத்த இடம் இருக்கு, வெள்ளக்காரன் கண்டுபிடிச்சதில்ல. என்ன, இங்க மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேணும், அது வர்றதுக்குள்ள ஸ்டேஷன்ல ரெண்டு பேரையும் உக்கார வச்சு சமாதானம் பேசி ஆட்டோ ஏத்தி விட்ருவாங்க. செல்வி, சின்னம்மாவ அந்தப் புள்ளைக்கு போன் போட்டு அழுவ வேணாம்னு சொல்லுங்க, தாய் அழுதா எல்லாத்துக்கும் சரின்னுரும்.

திருமங்கலம்_செல்வி:
அழுதாச்சுண்ணே, நேத்தே. பாண்டி, அந்த மனு போலிஷ்லதான் எழுதணுமாப்பா?

கிராகோவ்_பாண்டி:
ஆமாக்கா போலிஷ்தான். அவ நம்பர மெசேஜ்ல அனுப்புங்க, என் வீட்டுக்காரிக்கு போலிஷ் நல்லா வரும், இன்னைக்கே பேசச் சொல்றேன்.